இரவில் ஆற்று இறால் பார்த்தோம்: புவேர்ட்டோ ரிக்கோவில் ஒரு வழிகாட்டிச் சேவை பற்றிய மதிப்பீடு

கடந்த மார்ச் மாதத்தின் கடைசி வாரத்தில், மனைவியும் பதினோரு வயது மகளும் நானுமாகப் புவேர்ட்டோ ரிக்கோ தீவுக்குச் சென்றிருந்தபோது, தீவின் வடகிழக்கு மூலையில் லுக்கியோ மலையின் அடிவாரத்தில், ஆற்று இறால்களைக் காட்டுவதற்கென்றே நடத்தப்படும் இரவு நடை ஒன்றில் கலந்துகொண்டோம். பெரியவர்களுக்கு 65 டாலர், பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு 40 டாலர். வழுக்காத காலணி, தலைவிளக்கு, கடைசியில் ஒரு சாப்பாடு ஆகியவை கட்டணத்தில் அடக்கம். நடத்துபவர்கள் மூன்றே பேர் என்பதாலும், குறைகளையும் எழுதப் போகிறேன் என்பதாலும் பெயரைத் தவிர்க்கிறேன். கோட்டையையும் கடற்கரையையும் பார்த்து முடித்துவிட்டு, கையில் இன்னும் ஓர் இரவு இருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் ஒரு நிபந்தனையுடன் சொல்வேன். அந்த நிபந்தனை கடிகாரத்தைப் பற்றியது. இறாலின் வாழ்க்கையில் முக்கியமான காரியங்களெல்லாம் குறிப்பிட்ட சில மணி நேரத்துக்குள் நடந்து முடிகின்றன. அந்த நேரத்தைக் கோட்டைவிட்டுவிட்டு ஆற்றில் இறங்குவது, கச்சேரி முடிந்து மங்களம் பாடும்போது சபாவுக்குள் நுழைவதைப் போன்றது. எங்களுக்கு ஏறக்குறைய அதுதான் நேர்ந்தது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ரியோ எஸ்பிரித்து சாந்தோ என்பது ஆற்றின் பெயர். தமிழில் பரிசுத்த ஆவி ஆறு. ஆயிரம் மீட்டரைத் தாண்டும் சிகரங்களை உடைய மலையில் பிறந்து, இருபது கிலோமீட்டர் அளவே ஓடி அட்லாண்டிக்கில் கலந்துவிடும் சிற்றாறு இது. நம் கணக்கில் ஓடை என்றே சொல்லலாம். ஆனால் மலையுச்சியில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டுவதால் நீர் வற்றுவது அரிது. வரைபடத்தில் தீவு வெப்ப மண்டலத்துக்குள்ளேயே இருந்தாலும், ஹோல்ட்ரிட்ஜ் என்ற தாவரவியலாளர் வகுத்த தாவர மண்டலப் பிரிவின்படி இந்தக் காட்டைத் துணை வெப்ப மண்டல ஈரக்காடு என்றே அறிவியலாளர்கள் குறிக்கிறார்கள். மார்ச் இரவில் முழங்கால் அளவு நீரில் நின்று பார்த்தால் அந்தப் பெயர் பொருத்தம்தான் என்று பல் கிட்டும்போது புரிகிறது. மேல்பகுதி எல் யுங்கே தேசிய வனத்துக்குள் அடங்குகிறது. சுற்றுலாவினருக்கான பகுதிகளை இரவில் மூடிவிடுவார்கள் என்பதால், நடை வன எல்லைக்குக் கீழே, தனியார் தோட்டம் ஒன்றின் ஓரமாக ஓடும் கிளையோடையில் நடக்கிறது. இந்த ஏற்பாட்டை முன்பதிவின்போதே தெளிவாகச் சொல்லிவிடுகிறார்கள். தேசிய வனத்துக்குள் அழைத்துப் போவதாக நினைத்து ஏமாற வாய்ப்பில்லை.

தகரக் கூரையின் கீழ் நடந்த அறிமுக உரை இருபது நிமிடம் என்று அறிவித்து முக்கால் மணி நேரம் நீண்டது. அதைவிட எனக்கு உறுத்தியது, கையில் கொடுத்த வண்ணத் துண்டறிக்கை. அதில் இறால்கள் முட்டையிடுவதற்காகக் கடலுக்குச் செல்கின்றன என்று அச்சிட்டிருந்தார்கள். அது விலாங்கு மீனின் கதை. இந்த ஆற்றின் இறாலுடையது அன்று. இங்கே தாய் இறால் கடலைப் பார்ப்பதே இல்லை. மலையோடையிலேயே இணைசேர்ந்து, வயிற்றடி நீச்சல்கால்களில் சினையைச் சுமந்து, அங்கேயே குஞ்சு பொரிக்கிறது. பொரிந்த லார்வா மட்டும், ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள கண்ணாடித் துணுக்காக, நீரோட்டத்தோடு கழிமுகத்துக்கு அடித்துச் செல்லப்படுகிறது. உப்பு கலந்த நீரை எட்டினால்தான் அது அடுத்தடுத்து ஓடு கழற்றி வளர முடியும். நன்னீரிலேயே தங்கிவிட்டால் சில நாட்களில் இறந்துபோகும். உப்புநீரில் பல வாரங்கள், சில இனங்களில் சில மாதங்கள், மிதவை உயிராக வாழ்ந்து பல பருவங்களைக் கடந்த பிறகு, இறாலின் உருவம் பெற்று, ஆற்று வாயைத் தேடி நுழைந்து, தாய் இருந்த உயரம் வரைக்கும் தன் கால்களாலேயே ஏறி வருகிறது. துண்டறிக்கையின் பிழையை எங்கள் வழிகாட்டிப் பெண்ணிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “அச்சகத்துக்குக் கொடுத்தது நான் இல்லை, ஆற்றில் இறங்கியதும் நானே திருத்திச் சொல்வேன்” என்றார், சொன்னபடியே செய்தார். அவருடைய அறிவுக்கு முழு மதிப்பெண் தருவேன். அச்சிட்ட தாளுக்கு ஒன்றும் தருவதற்கில்லை.

ஆற்றில் கால் வைத்தபோது மணி ஒன்பதரை. அந்த வாரம் சூரியன் மறைந்தது ஆறரையை ஒட்டி என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன். கரையெங்கும் கொக்கீ என்று தன் பெயரையே கூவும் சிறு தவளைகளின் இரைச்சல், அருகில் நிற்பவர் பேசுவதைக் கேட்கவிடாது. விளக்கை நீருக்குள் சாய்த்துப் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்ததும் குளத்தின் அடியில் நெருப்புத் துளிகளைப் போல ஆரஞ்சு நிறத்தில் சோடி சோடியாகக் கண்கள் மின்னின. மகள் எண்ணத் தொடங்கி நாற்பதுக்கு மேல் விட்டுவிட்டாள். பகலில் இதே குளத்தைப் பார்த்தால் கல்லும் சருகும் தவிர எதுவும் இல்லை என்றுதான் தோன்றும் என்று வழிகாட்டி சொன்னதை நம்புவது கடினமாக இருந்தது.

பெரிய பாறையின் அடியிலிருந்து முதலில் வெளிவந்தது மேக்ரோபிராக்கியம் கார்சினஸ். ஃபுளோரிடா முதல் பிரேசில் வரை அட்லாண்டிக் கரையோர ஆறுகளில் வாழும் இந்த இனத்துக்கு 1758இலேயே லின்னேயஸ் பெயர் சூட்டிவிட்டார். கரும்பழுப்பு உடலின் பக்கங்களில் வைக்கோல் நிறப் பட்டைகள் நீளவாக்கில் ஓடுகின்றன. கொடுக்குகள் உடலைவிட நீண்டு, முன்னால் யாரோ நீட்டிய இடுக்கியைப் போலத் தெரிகின்றன. முழு வளர்ச்சி பெற்றது ஓர் அடி நீளத்தை எட்டும். நாங்கள் பார்த்தது ஒரு சாண் இருக்கும். அது நடந்த விதம்தான் மறக்க முடியாதது. கொடுக்கு இரண்டையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மெல்லிய கால்களால் ஒவ்வொரு கல்லையும் தட்டித் தடவிச் சோதித்தபடி, இருட்டில் சாவி தேடும் கிழவரைப் போல முன்னேறியது. ஒரு நத்தையைக் கண்டதும் நின்றது. அதற்குள் எங்கள் குழுவில் ஒருவர் கேமரா ஒளியைப் பளிச்சிட, வாலை ஒரு சுண்டு சுண்டிப் பின்னோக்கிப் பாய்ந்து மறைந்துவிட்டது. ஃபிளாஷ் கூடாது என்று முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லியிருக்க வேண்டும். பத்துப் பேர் கொண்ட குழுவில் இதை யாரும் சொல்லவில்லை.

வேட்டையாடும் பெரிய இறாலை மட்டும் காட்டிவிட்டு அனுப்பியிருந்தால் நான் இந்த மதிப்பீட்டை எழுதியிருக்க மாட்டேன். இந்த நடையின் தரம், அடுத்துள்ள சிறு இறால்களிடம் அவர்கள் செலவிட்ட நேரத்தில் தெரிகிறது. ஓட்டம் விரைவாக உள்ள இடத்தில், அடியில் கண்ணாடி பொருத்திய வாளியை நீர்மேல் அழுத்திப் பார்க்கச் சொன்னார்கள். உள்ளூரில் குவாபரா என்று அழைக்கும் ஆட்யா இனத்தின் இறால்கள் பாறையைப் பற்றியபடி ஓட்டத்துக்கு எதிர்முகமாக வரிசையாக நின்றன. அவற்றுக்குப் பெரிய கொடுக்கு கிடையாது. அந்த இடத்தில் மயிர்க்கற்றைகளால் ஆன நான்கு விசிறிகள். நீரோட்டத்தில் விரிப்பது, மூடுவது, வாய்க்குக் கொண்டுபோவது, மறுபடி விரிப்பது. நான்கும் மாறி மாறி இயங்கும்போது, யாரோ அவசரமில்லாமல் நான்கு குடைகளை விரித்து மடக்கிக்கொண்டிருப்பதைப் போல இருக்கிறது. மிதந்து வரும் இலைத்துகளையும் நுண்பாசியையும் அப்படித்தான் வடித்து உண்கின்றன. ஓட்டம் மெலிந்த இடத்தில் அதே விசிறிகளைத் துடைப்பமாக்கிப் பாறையைக் கூட்டித் தின்னும்.

அருகிலேயே சல்பிச்சே என்கிற சிஃபோகாரிஸ் எலங்காட்டா, நம் சென்னாக்கூனியை விரல் நீளத்துக்கு இழுத்துவிட்டதைப் போன்ற ஒல்லியான இறால், ஊறிய இலைகளைக் கிழித்துக்கொண்டிருந்தது. இதன் நெற்றியில் நீண்டிருக்கும் முள்தான் அன்று எங்களுக்குக் கிடைத்த சிறந்த பாடம். வழிகாட்டி இரண்டு கண்ணாடிப் பெட்டிகளைக் கொண்டு வந்தார். ஒன்றில் உயரமான அருவிக்குக் கீழிருந்தும் மற்றொன்றில் அருவிக்கு மேலிருந்தும் எடுத்த இறால்களை இரண்டு நிமிடம் மட்டும் வைத்துக் காட்டிவிட்டு, எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டார்கள். கீழே இருந்தவற்றின் முள் நீண்டு ஊசியாக இருந்தது. மேலே இருந்தவற்றுக்குக் குட்டை. தஹாவோ எனப்படும் மலை மடவை மீன் அருவியின் கீழ்வரைதான் வர முடியும்; இறாலோ ஈரப்பாறையில் ஏறி மேலே போய்விடும். விழுங்க வரும் மீன் இருக்கும் பகுதியில் நீண்ட முள் தேவை, இல்லாத பகுதியில் அதை வளர்ப்பது வீண் செலவு. ஒரே இனம், ஒரே ஆறு, இடையே ஓர் அருவி. லுக்கியோ மலையில் பல ஆண்டுகள் ஆய்வு செய்தவர்கள் எழுதிவைத்த உண்மையைப் பத்து நிமிடத்தில் ஒரு குழந்தைக்குப் புரியும்படி காட்டுவதற்குத் திறமை வேண்டும். 65 டாலரில் பாதி இந்த ஒரு காட்சிக்கே செல்லும்.

இனி நேரத்துக்கு வருகிறேன். சினை இறால் ஒன்றைப் பார்த்தோம். முட்டைத்திரள் புதிதாக இருக்கையில் ஆரஞ்சாகவும், உள்ளே கண்புள்ளிகள் தோன்றிய பின் சாம்பல் நிறமாகவும் மாறும்; இது சாம்பல். பெரிய மேக்ரோபிராக்கியம் ஒரு முறை சுமக்கும் முட்டைகள் பல்லாயிரம் வரும். தாய் நீச்சல்கால்களை ஓயாமல் விசிறி அவற்றுக்குக் காற்று ஊட்டிக்கொண்டிருந்தது. “இன்றோ நாளையோ விட்டுவிடும்” என்றார் வழிகாட்டி. பிறகு மெல்லிய மிதவை வலையை ஓட்டத்தில் பத்து நிமிடம் கட்டிவைத்து, சேர்ந்ததைக் கண்ணாடித் தட்டில் கொட்டி, கைலென்ஸ் வழியாகக் காட்டினார். தலை கீழாக, வயிறு வானத்தைப் பார்க்க, வால் முன்னே செல்ல நீந்தும் லார்வாக்கள். இரண்டு கரும்புள்ளிக் கண்களைத் தவிர மற்றெல்லாம் ஊடுருவித் தெரிகிறது. ஆனால் தட்டில் இருந்தவை ஏழே ஏழு. பொழுது சாய்ந்த முதல் சில மணி நேரத்தில்தான் லார்வாக்கள் திரளாக இறங்கும். பகலில் கண்ணால் வேட்டையாடும் மீன்களிடமிருந்து தப்பிக்கும் வழி அது. ஏழரை மணிக்கு வலை போட்டிருந்தால் தட்டு நிறைந்திருக்கும் என்பதை வழிகாட்டியே ஒப்புக்கொண்டார். பிறகு எதற்கு எட்டரை மணிக்கு வரச்சொல்லி, ஒன்பதரைக்கு ஆற்றில் இறக்குகிறீர்கள் என்று கேட்டேன். விடுதிகளில் தங்குவோர் இரவு உணவை முடித்துக்கொண்டு வர வசதியாக இருக்கட்டும் என்று வைத்த நேரமாம். இறால் பார்க்க வருகிறவர்களின் வசதிக்காக இறாலின் நேரத்தைத் தள்ளிவைக்க முடியாது என்பதை நடத்துபவர்கள்தான் முதலில் உணர வேண்டும்.

இதைப் பெரிதுபடுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. அந்த மாலை நேரம் இந்த ஆற்றில் உயிர்ப் பிரச்சினை. கழிமுகத்துக்குச் சற்று மேலே 1984இல் குடிநீருக்காக ஒரு தாழ்வான தடுப்பணை கட்டப்பட்டது. ஜொனாதன் பென்ஸ்டெட், கேத்தரின் பிரிங்கிள் முதலியோர் அங்கே 69 நாட்கள் லார்வாக்களைக் கணக்கெடுத்து 1999இல் வெளியிட்ட ஆய்வின்படி, கீழே இறங்கிய லார்வாக்களில் சராசரியாக 42 விழுக்காடு, நீர் உறிஞ்சும் குழாய்க்குள் போய் மடிந்தன. அணையைத் தாண்டி நீரே வழியாத வறண்ட நாட்களில் ஒன்றுகூடத் தப்பவில்லை. முப்பது ஆண்டு நீரோட்டப் பதிவுகளை வைத்துக் கணக்கிட்டபோது நீண்டகாலச் சராசரி இழப்பு 34 முதல் 62 விழுக்காடு வரை வந்தது. மாலையில் ஐந்து மணி நேரம் மட்டும் நீர் எடுப்பதை நிறுத்திவைத்தால் அதை 11 முதல் 20 விழுக்காடாகக் குறைக்கலாம் என்றும் அதே ஆய்வு காட்டியது. ஐந்து மணி நேரம்! குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டுக் காத்திருந்து வளர்ந்த எனக்கு அது பெரிய தியாகமாகத் தோன்றவில்லை. பக்கத்து ஆறான ரியோ மாமேயெஸில், குறுக்கே அணை எழுப்பாமல் ஆற்றுப் படுகைக்கு அடியிலிருந்து நீரை வடித்து எடுக்கும் அமைப்பை வைத்திருக்கிறார்கள். போகவரப் பாதை அங்கே திறந்தே இருக்கிறது. இவ்வளவு செய்தி இருந்தும் நடையில் அணையைப் பற்றி மூன்று வாக்கியங்களுக்கு மேல் இல்லை. வண்டியில் சிறிது தூரம் சென்று ஆற்று வாயைக் காட்டியிருந்தால், ஒரு குளத்தில் பார்த்த இறாலுக்கு ஆறு முழுவதுமே வீடு என்பது எல்லோருக்கும் விளங்கியிருக்கும்.

இங்கே சொந்த ஊரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. கொள்ளிடத்தின் குறுக்கே 1836இல் கட்டிய கீழணைக்கு அருகே வளர்ந்தவன் நான். அணைக்கு அடியில் நுரைத்து விழும் நீரில் ஆட்கள் இறால் அள்ளுவதைச் சிறுவயதில் வேடிக்கை பார்த்திருக்கிறேன். இறால் ஏன் அங்கே வந்து குவிகிறது என்று அன்று யாரும் கேட்டதில்லை. காவிரி, கோதாவரி ஆறுகளின் இறாலும் இதே மேக்ரோபிராக்கியம் பேரினத்து உறவுதான். அதன் லார்வாவுக்கும் உவர்நீர் வேண்டும், வளர்ந்த குஞ்சும் ஆற்றை எதிர்த்து ஏற வேண்டும். சுவரில் முட்டி நின்ற குஞ்சுகளைத்தான் நாங்கள் விளைச்சல் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். எஸ்பிரித்து சாந்தோ அணையின் அடியிலும் குஞ்சுகள் அப்படியே திரண்டு நிற்கும் என்று வழிகாட்டி சொன்னபோது எனக்குப் படம் வரைந்து விளக்க வேண்டியிருக்கவில்லை.

நேரம் பிந்தியதால் இழந்ததை ஓரளவு ஈடுசெய்தது, பதினொரு மணியளவில் ஆளுயர அருவி ஒன்றின் ஓரத்தில் கண்டது. நீர் விழும் நடுப்பகுதியை விட்டுவிடுங்கள். பக்கத்தில், சாரல் பட்டு ஈரம் கசியும் பாசிப்பாறையில் விளக்கைக் காட்டினார்கள். விரல்நகம் அளவுள்ள இறால் குஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாக நீருக்கு வெளியே நடந்து ஏறிக்கொண்டிருந்தன. நீர் ஒரு பூச்சாகத்தான் அந்தப் பாறையில் படிந்திருந்தது. ஒரு குஞ்சு பாதி உயரம் ஏறி, சாரல் மோதி வழுக்கிக் கீழே விழுந்தது. மகள் ஐயோ என்றாள். அது சற்று நேரம் கிடந்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது. அதே பாறையில், வயிற்றடி உறிஞ்சியால் ஒட்டிக்கொண்டு ஒலிவோ என்னும் சிறு மீனும் ஏறுகிறது. அதன் குஞ்சுகள் கூட்டமாக ஆற்று வாய்க்குள் நுழையும்போதுதான் அரெசிபோ ஊர்க்காரர்கள் செத்தி என்ற பெயரில் வலைபோட்டு அள்ளிச் சமைக்கிறார்கள். கடலுக்குக் கடமைப்படாத உயிர் ஒன்றும் அங்கே இருந்தது: புருக்கேனா என்னும் ஆற்று நண்டு. அதன் முட்டையிலிருந்து நேராகக் குட்டி நண்டே வெளிவந்துவிடுவதால், லார்வாப் பயணமோ அணையோ அதற்குப் பொருட்டில்லை. இந்த ஒப்பீட்டை வழிகாட்டி ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகர்ந்தார். நான் இன்னும் சற்று நின்று பார்த்திருப்பேன்.

இறால் இல்லாவிட்டால் ஆற்றுக்கு என்ன ஆகும் என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதில் நேர்த்தியாக இருந்தது. 1990களில் பிரிங்கிளும் உடன் பணியாற்றியவர்களும் இந்த மலையோடைகளில் மாட்டுத் தொழுவத்துக்குப் போடும் மின்வேலிக் கருவியைக் கொண்டே பாறையின் சிறு பகுதிகளை இறால் அண்டாதபடி தடுத்துப் பார்த்தார்கள். தடுத்த பகுதியில் வண்டலும் பாசியும் படிந்து மூடின. இறால் மேய்ந்த பகுதி துடைத்துவைத்த அம்மிபோல இருந்தது. சருகு மட்குவதும் இறாலைப் பொறுத்தே விரைவுபடுகிறது. 1989 செப்டம்பர் 18 அன்று ஹூகோ புயல் காட்டை மொட்டையடித்தபோது ஓடைகளில் இலைக்குவியல் அடைத்துக்கொண்டது, வெயில் புகுந்து பாசி பெருகியது. சில மாதங்களில் இறால்கள் முன்னைவிடப் பெருகிவிட்டன. உணவு கூடியதே காரணம். 2017இல் வந்த மரியா புயலைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. அவருடைய குடும்பத்து வீடு போன கதை அது என்று பிறகு தெரிந்தது. புயலுக்குத் தாக்குப்பிடிக்கும் இந்த உயிர் தாங்காதது, சிலர் துணி வெளுக்கும் குளோரின் திரவத்தை ஓடையில் கொட்டி இறாலைக் கூண்டோடு பிடிக்கும் திருட்டை. எட்டு ஆண்டுகள் வரைகூட வாழக்கூடிய சிறு இறால்களும் அதில் ஒரே இரவில் மிதந்துவிடும்.

பாதுகாப்பு விஷயத்தில் எனக்குக் குறையே இல்லை. மலையில் மழை பெய்தால் கீழே வானம் தெளிவாக இருக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். அங்கே அதை கோல்பே தே ஆகுவா, அதாவது நீரின் அடி, என்கிறார்கள். அரைமணிக்கு ஒருமுறை உதவியாளர் கைபேசியில் அமெரிக்கப் புவியியல் அளவைத் துறையின் நீர்மட்டப் பதிவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மட்டம் ஏறினால் நடை ரத்து, முழுப் பணமும் திருப்பித் தரப்படும் என்பதை எழுத்தில் தருகிறார்கள். கொசு மருந்து பூசிக்கொண்டு ஆற்றில் இறங்கக் கூடாது என்பதும் நல்ல விதி. முழுக்கைச் சட்டை போதும். காலணிகள்தான் ஏமாற்றம். என் அளவில் இருந்தது இடதுகால் மட்டுமே. வலதுகாலுக்கு ஒரு அளவு பெரியதைக் கொடுத்துக் கயிற்றால் கட்டிவிட்டார்கள். சொந்தக் காலணி கொண்டுபோவது நல்லது. பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளை நான் அழைத்துச் செல்ல மாட்டேன். வழுக்குப் பாறையில் மூன்று மணி நேரம் நிற்பது அவர்களுக்கு ஆகாது.

கடைசிச் சாப்பாடு ஊருக்குள் ஒரு சாலையோரக் கடையில். வாழைக்காயை எண்ணெயில் பொரித்து, பூண்டும் பன்றிக்கொழுப்பு வறுவலும் சேர்த்து உரலில் இடித்துக் குழித்து, நடுவில் இறால் குழம்பை ஊற்றித் தரும் மொஃபோங்கோ. பன்றி வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்ததால் எங்களுக்குத் தனியாக இடித்துக் கொடுத்தார்கள். அந்தக் கவனத்தைப் பாராட்ட வேண்டும். பூண்டு தூக்கலாக இருந்ததால் மனைவிக்கு மிகவும் பிடித்துவிட்டது. இது நாம் பார்த்த இறாலா என்று மகள் சற்றுக் கலவரத்தோடு கேட்டாள். இல்லை, உறைபெட்டியில் வந்த கடல் இறால் என்றார் கடைக்காரர், கொஞ்சமும் தயங்காமல். இரண்டு மணி நேரத்துக்கு முன் கண்ணில் ஒளியோடு பார்த்த ஒன்றைத் தட்டில் வைத்திருந்தால் எங்கள் மூவரில் ஒருவரும் சாப்பிட்டிருக்க மாட்டோம்.

முன்பதிவு வாட்ஸ்அப் வழியாகத்தான். ஆங்கிலத்தில் எழுதினாலும் பதில் வருகிறது, ஆனால் ஒரு நாள் ஆகும். ஊருக்குத் திரும்பிய பின், நேரத்தைப் பற்றிய என் குறையையும் துண்டறிக்கைப் பிழையையும் விரிவாக எழுதி அனுப்பினேன். நான்கு பேருக்குக் குறையாமல் சேர்ந்து கேட்டால் பொழுது சாயும் முன்பே ஆற்றங்கரையில் நிற்கும்படி ஏற்பாடு செய்வதாகவும், அப்படியானால் அறிமுக உரையைப் பாதியாகச் சுருக்கிவிடுவதாகவும் பதில் வந்தது. துண்டறிக்கை அடுத்த அச்சில் திருத்தப்படுமாம். பழைய கட்டு இன்னும் முந்நூறு இருக்கிறதாம். ஆகவே போகிறவர்கள் தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்துவிட்டு, ஆறேகாலுக்கு ஆற்றங்கரையில் இருக்க வேண்டும் என்று முன்பதிவின்போதே எழுதிக் கேளுங்கள். சாப்பாட்டை நடைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்; முதல் வலையை ஏழரைக்குள் போடச் சொல்லுங்கள்.